டிராகனைப் பார்க்க வர மறுத்த டீ மேக்கர்

என் கணவர் டீ மேக்கர். டீக்கடையில் டீ ஆற்றுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலை வந்து இறங்குவதிலிருந்து தூளாகி மூட்டை ஏறும் வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. கல்யாணமான புதிதில் இதைக் கோயமுத்தூர்ச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கியே எனக்கு வாய் வலித்தது.

தேயிலை விலை அதல பாதாளத்துக்குப் போன வருஷங்களில் எங்கள் மஞ்சூர்ப் பக்கம் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக நின்றன. இவருடையதும் நின்றது. முதலாளி, "விலை ஏறட்டும், தொறந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மலையிறங்கிப் போனார். போகிறவர் சும்மா போயிருக்கக் கூடாதா? அந்த ஒரு பேச்சை நம்பி இவர் தினமும் காலையில் ஸ்வெட்டர் மாட்டி, மஃப்ளர் சுற்றி, பூட்டிக் கிடக்கும் ஃபேக்டரிக்கு டூட்டிக்குப் போக ஆரம்பித்துவிட்டார். உள்ளே ஒரு சுற்று, அப்புறம் வாட்ச்மேனோடு உட்கார்வது, மத்தியானம் சோற்றுக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகமாட்டார். மூடின ஃபேக்டரிக்கும் ஞாயிறு லீவாம்!

வீட்டில் பேச்சே கிடையாது. "சோறு போடட்டுங்களா?" என்றால் "ம்." "ரசம்?" "ம்." ரசம் என்று வெந்நீரை ஊற்றினாலும் "ம்" என்பார் போலிருந்தது. ஒருநாள் ஆத்திரத்தில் ஊற்றியும் பார்த்தேன். பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

இதற்கு நடுவில் மேட்டுப்பாளையத்துத் தேயிலை வியாபாரி ஒருவர் சொல்லியனுப்பியிருந்தார். தூளை ருசி பார்த்துக் கலவை போட அனுபவப்பட்ட ஆள் வேண்டும், இவர் வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார். நல்ல வேலை. நல்ல மனிதர். நான் தினமும் கேட்டேன். "ஃபேக்டரி தொறந்தா இங்க யாரு பாக்கறது?" என்று இவர் திருப்பிக் கேட்டார். அது திறக்காது என்பது மஞ்சூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். ஆனால் யாருக்கும் பயப்படாமல் வாய்க்கு வந்ததைப் பேசுகிற எனக்கு அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் "ரசம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டுவிடுவேன்.

அந்த வாரம் என் நாத்தனார் பெங்களூர் காலேஜிலிருந்து லீவுக்கு வந்தாள். வியாபாரி கெடு சொன்ன ஞாயிறு மத்தியானம் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். குந்தா பவர் ஹவுஸில் லைன் வேலை பார்ப்பவர்; அவர் பேச்சைக் கேட்டால் மலை முழுக்க அவர் தோளில்தான் கரண்ட் போகிறது என்று நினைக்கத் தோன்றும். நாத்தனார் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைக் கொட்டினாள். எல்லாம் பகடைகள். ஒன்றுக்கு இருபது முகம்.

"ஹாஸ்டல்ல வெளையாடறது அண்ணி. நான் கதை சொல்லுவேன். நீங்க ஆளுக்கொருத்தரா கதைக்குள்ள வரணும். என்ன செய்யறீங்கன்னு சொல்லிட்டுப் பகடைய உருட்டணும், பெரிய நம்பர் விழுந்தாத்தான் அது நடக்கும். வழக்கமா வீரன், மந்திரவாதின்னு வருவாங்க. இன்னிக்கு நீங்க நீங்களாவே வரணும்."

பலம், தைரியம், பொறுமை என்று ஆளுக்கு ஆள் இருபதுக்கு மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். லைன்மேன் யோசிக்கவே இல்லை. "பலம் இருபது போடு கண்ணு. கம்பத்துல ஏறி எறங்கற ஒடம்பு இது."

மூலையில் உட்கார்ந்திருந்த என் கணவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணை மூடினார். வாயை ஒருமாதிரி குவித்தார். கோப்பை கோப்பையாகத் தூளை ருசி பார்க்கும்போது அவர் செய்வது அது.

"கலர் நல்லா இருக்குது. பாடி இல்ல. பன்னெண்டு போடு."

டீயின் திடத்துக்கு அவர்கள் தொழிலில் பாடி என்று பேர். இவர் இத்தனை நீளமாகப் பேசி எத்தனை நாளாயிற்று! லைன்மேனுக்கு மட்டும் ரோஷம். "ஏனுங்க, நான் என்ன டீத்தூளுங்களா?"

நான் எனக்குப் பொறுமை பதினெட்டு என்றேன். மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள், வெட்கங்கெட்டவர்கள். "பொறுமை நாலு. அதும் வெயில் அடிக்கற நாள்ல" என்றார் இவர். பிறகு கொஞ்சம் நிதானித்து, "ஆனா ஆறிப் போனாலும் ருசி கெடாது" என்றார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அண்ணா, நீங்க யாரு? வீரனா?"

"டீ மேக்கர்."

"சரி, எழுதிக்கிட்டேன். கைல வாள் ஏதாச்சும்?"

"அத வெச்சுக்கிட்டா பஸ்ல ஏத்தமாட்டாங்க."

கதை ஆரம்பித்தது. குந்தா அணைக்கு மேலே ஒரு டிராகன் வந்து ரோட்டை மறித்துப் படுத்துக்கொண்டது. பஸ் ஒன்றும் போகமுடியவில்லை. ஊரைக் காப்பாற்ற நாங்கள் புறப்பட வேண்டும். லைன்மேன் அந்த நிமிஷமே கிளம்பிவிட்டார். நானும் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"அண்ணா, நீங்க எங்க இருக்கீங்க?"

"ஃபேக்டரில."

"ஊரே அலறுது. வெளிய வர்றீங்களா?"

"எப்படி வர்றது? அரைச்ச எலை தரைல கெடக்குது. இன்னும் நெறம் திரும்பல."

அரைத்த இலையைத் தரையில் பரப்பிவைத்தால் பச்சை மெல்லச் செம்பு நிறமாகத் திரும்பும். அந்தப் பக்குவத்தில் அள்ளி டிரையரில் போட வேண்டும். தவறினால் மொத்தமும் புளித்துப் பாழ். அந்த நேரத்தில் இவரைக் கூப்பிட்டு ஆண்டவனே வந்திருக்கிறார் என்றாலும் உட்காரச் சொல் என்பார்.

"சரிங்கண்ணா, நெறம் திரும்பிருச்சு."

"யாரு பாத்தது?"

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். இலையை டிரையரில் போட வைத்தாள். இவர் சூடு எவ்வளவு என்று கேட்டார். சொன்னாள். அடுத்த லோடு இறங்கியிருக்குமே என்றார். இதற்குள் லைன்மேன் பகடையை உருட்டி ஒன்று விழுந்து, டிராகன் துரத்தி, அணைக்குப் பக்கத்தில் ஒரு கரண்ட் கம்பத்தில் ஏறித் தொங்கிக்கொண்டிருந்தார். "நான் இங்க தொங்கறனுங்க! டீ மேக்கரு வர்றாரா இல்லையா?" என்று நிஜமாகவே கத்தினார். இவர் அசையவில்லை. எலை கெடக்குது, எலை கெடக்குது, அவ்வளவுதான்.

"அண்ணி, உங்களாலதான் ஆகும். நீங்க ஃபேக்டரி வாசல்ல நிக்கறீங்க. என்ன சொல்றீங்க?"

கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, மூக்கை லேசாகத் தூக்கி, இல்லாத இலையின் வாசனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் நான் காணாத சந்தோஷம் அந்த முகத்தில். 

"ஏனுங்க," என்றேன். "உள்ள எலை இல்லீங்க."

அவர் கண்ணைத் திறந்தார்.

"தரை காஞ்சு கெடக்குதுங்க. டிரையர் ஆறிப் போயிருச்சு. ஃபேக்டரிய மூடிட்டாங்க. இனித் தொறக்கமாட்டாங்க. நீங்க ஒண்ணும் கெடுக்கல. ஒரு லோடுகூடக் கெடுக்கல. வெலைதான் கெட்டுப் போச்சு. வாங்க, போலாம்."

கூரைத் தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது. நாத்தனாருக்கு விஷயம் புரியவில்லையோ, புரிந்துதான் பேச்சை மாற்றினாளோ தெரியாது. "அண்ணி, அண்ணன் வர்றாரான்னு பகடை உருட்டிப் பாக்கணும்" என்றாள். நான் பகடையை எடுத்தேன்.  இவர் என் கையின் மேல் கையை வைத்தார்.

"உருட்ட வேண்டாம்."

பகடையை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு தங்கையிடம், "சாவி என் கைலதான இருக்குது?" என்று கேட்டார்.

"ஆமாங்கண்ணா."

"உள்ள ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டேன். கதவப் பூட்டிட்டேன். சாவிய வாட்ச்மேன் கைல குடுத்துட்டேன்." ஒவ்வொன்றையும் சொல்லி நிறுத்தி, செய்து முடித்த மாதிரி மூச்சு விட்டார். அப்புறம் எழுந்து செருப்பைத் தேடினார்.

"மழைல எங்கீங்க போறீங்க?"

"பூத்துக்கு. மேட்டுப்பாளையத்துக்கு ஒரு போன் போட்டுட்டு வந்தர்றேன். நான் வர்ற வரைக்கும் டிராகன யாரும் தொடக் கூடாது."

அவர் படியிறங்கிவிட்டார். லைன்மேனுக்குத்தான் தாங்கவில்லை. "ஏனக்கா, அது வரைக்கும் நான் கம்பத்துலயே தொங்கறதுங்களா?"

"தொங்குங்க!" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.