அணைக்காத இன்ஜின்

எங்கள் கார், இன்ஜினுக்கு இழுவை கூட்டும் டர்போ இல்லாமல் வந்த பழைய டீசல் வண்டி. குடும்பத்தோடு ஏறினால் திருத்தணி மலைப்பாதை வளைவில் முக்கி முனகும். பின்னால் வரும் வேன்காரன் ஹாரன் அடித்தே மானத்தை வாங்குவான். என் வீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை. அரக்கோணத்தில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்து, பழைய டர்போ ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். அடுத்த கிருத்திகைக்கு மலை ஏறியபோது மெல்லிய விசில் சத்தத்தோடு வண்டி பாய்ந்தது. அவர் முகத்தில் அன்று மாப்பிள்ளைக் களை.

மெக்கானிக் ஒரே ஒரு பத்தியம் சொல்லியிருந்தார். ஓடி வந்த வண்டியை உடனே அணைக்கக் கூடாது. டர்போ கொதித்துக்கொண்டிருக்கும், கொஞ்ச நேரம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டால்தான் ஆயில் போய் அதை ஆற வைக்கும். இவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எங்கே போய் வந்தாலும் வாசலில் நிறுத்தி, ஓடும் இன்ஜினோடு உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

"சோறு ஆறிப்போவுது, அதுக்குக் காவல் உக்காந்துகினு கீறீங்களா?" என்று கத்துவேன்.

"ஆங், வந்துட்டேன்" என்பார். வரமாட்டார். போகப்போக நானும் கத்துவதை விட்டுவிட்டேன். வண்டிச் சத்தம் கேட்டால் தட்டை எடுத்து வைப்பேன், சத்தம் நின்றால் சோறு போடுவேன்.

அன்று பள்ளிப்பட்டுக்கு ஒரு வேலையாகப் போய்விட்டு மதியம் திரும்பினார். வண்டி வந்து நின்றது. தட்டை வைத்தேன், அப்பளம் பொரித்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. வெயில் அதிகம், டர்போ ஆற நேரமாகும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். தங்கை போன் செய்தாள். பேசினேன், சிரிக்கவும் சிரித்தேன். வெளியே போனபோது அவர் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. ஏசி காற்றில் கை சில்லிட்டிருந்தது.

"கொஞ்சம் முன்னாடி கூட்டிகினு வந்திருந்தா?" என்று, மாரடைப்பில் உயிர் போய்விட்டது எனச் சொன்ன ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டேன்.

"சொல்ல முடியாதும்மா" என்றார்.

காப்பாற்ற முடிந்திருக்காது என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்ல முடியாது என்ற அந்த வார்த்தை என்னைத் தூங்க விடுவதில்லை. தெருவில் எந்த வண்டி நின்று உறுமினாலும் கால் தானாக வாசலுக்குப் போகிறது. முன்பின் தெரியாதவர்களின் கார் கண்ணாடியைக்கூடத் தட்டியிருக்கிறேன். என்னம்மா என்பார்கள். ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுவேன்.

வண்டியை விற்க மகள் விடவில்லை, ஓட்டக் கற்றுக்கொண்டாள். போன வாரம் வேலையிலிருந்து வந்தவள் வாசலில் நிறுத்திவிட்டு இறங்கவில்லை. இன்ஜின் ஓடியது. அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி, நேரே பார்த்து உட்கார்ந்திருந்தாள். கதவைப் பிடித்து இழுத்தேன்.

"அணைடி."

"டர்போ பூடும்மா."

"போனா போவட்டும்."

அவள் சாவியைத் தொடவில்லை. "அதுக்கில்லமா. இங்க உக்காந்தா நைனா கூடவே கீற மாதிரி கீது."

சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"இன்ஜினை அணைச்சிட்டு எவ்ளோ நேரம்னாலும் உக்காரு" என்றேன். "நானும் உக்காந்துகினு இருக்கேன்."