லைசென்ஸ் வாங்கிய சுவர்

சுவருக்கு லைசென்ஸ் கொடுக்கிற ஓவர்சியரை ஊரே கும்பிடும். அவன் டேப்பை விரித்த பிறகு ஒருவரும் கும்பிடமாட்டார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில், முப்பதுகளில், சேலம் ஜில்லாவின் ரோட்டோரச் சுவர்களையும் வேலிகளையும் அளப்பது என் உத்தியோகம். காம்பவுண்டு கட்ட பிளானைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்த வாசகர்களே, என்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

உள்பக்கம் மட்டும்

அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர் ரோட்டில் ஒரு கவுண்டர் தோட்டம். சுற்றிலும் கிளுவை வேலி. கிளுவைக் குச்சியை நட்டுவிட்டால் போதும், தானே துளிர்த்துப் புதராகிவிடும். இந்தப் புதர் பாதி ரோட்டை விழுங்கியிருந்தது. எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் ஒன்று பள்ளத்தில் இறங்கித்தான் வழிவிட வேண்டும். "என்ன கவுண்டரே, வேலி ரோட்டில் நிற்கிறதே?" என்று அதட்டினேன். அவர் எனக்கு மோர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, வெகு பணிவாகச் சொன்னார்:

"உள்பக்கம் எம்படதுங்க, வருசா வருசம் வெட்டிப்போடறேன். வெளிப்பக்கம் சர்க்கார் ரோடாச்சுங்களே, அதுல நாம கை வைக்கலாமுங்களா?"

அமாவாசைச் சுவர்

அப்புறம் என்னை ராசிபுரத்துக்கு மாற்றினார்கள். அங்கே நெசவாளர் தெரு ஒன்றின் கோடியில், தெருவைப் பார்த்தபடி செங்கோடன் வீடு. பட்டு நெய்கிறவர். அவர் மனைவி பாவாயி வாசலில் கனகாம்பரமும் மல்லிகையும் போட்டிருந்தார். தெருவிலுள்ள ஆடுகளுக்கெல்லாம் அதுதான் சாப்பாட்டுக் கடை. சுவர் எழும்பாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்று பாவாயி சொல்லிவிட்டார்.

செங்கோடன் முறையாக பிளான் கொண்டுவந்தார். அளந்தேன். ரோட்டைவிட்டுத் தள்ளி, சொந்த இடத்தில், விதிப்படி கச்சிதம். என் சர்வீஸில் அப்படி ஒரு பிளானைப் பார்த்ததே இல்லை. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். அமாவாசையன்று தறிகளுக்கு லீவு. மொத்தத் தெருவும் கூடி மண் குழைத்துக் கல் எடுத்துக் கொடுத்தது. பொழுது சாய்வதற்குள் சுவர் கழுத்தளவு எழும்பிவிட்டது. எனக்குக்கூடப் பணியாரம் கிடைத்தது. செங்கோடனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"சட்டப்படி சொவரு கட்டுனது இந்த ஊர்லயே நாந்தானுங்க, சாமி!"

மறுநாள் காலை

தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, சிக்கெடுத்துக் காய வைப்பார்கள். அதற்குப் பெயர் பாவு. அந்தத் தெரு பாவுக்குக் கொஞ்சம் குட்டை. அதனால் பாவின் வால் செங்கோடன் வாசலுக்குள் போய், அங்கே அடித்திருக்கும் முளையில்தான் கட்டப்படும். கல் தூக்கிய அத்தனை பேரும் தினம் அந்த முளையில் பாவு கட்டியவர்கள்தான். பாவில்லாத அமாவாசையில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை!

முதலில் வந்தது செங்கோடனின் சொந்தப் பாவு. வருகிற முகூர்த்தத்துக்கான கூறைப்புடவைக்கு உரியது. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார்கள். தெருவின் மறுகோடிப் பக்கம் தள்ளிக் கட்டலாமென்றால் அது நாமக்கல் ரோடு. பஸ்காரர் ஹாரன் அடித்தே கலைத்துவிட்டார். சுவர் நின்றால் கல்யாணப் பெண்ணுக்குக் கூறை இல்லை. விழுந்தால் ஆடுகளுக்கு விருந்து. தானே இடித்தால் வீட்டில் அடுப்பு எரியாதே என்று செங்கோடன் தவிக்க, இடிக்க உத்தரவு போடும்படி எல்லோரும் என்னை அழைத்துவந்து சூழ்ந்துகொண்டார்கள். லைசென்ஸ் வாங்காத சுவரைத்தான் என்னால் இடிக்க முடியும் என்று மென்று விழுங்கினேன். செங்கோடன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"திருட்டுத்தனமா கட்டியிருந்தா இப்ப இடிச்சுப்போடலாம். எல்லாம் உங்க நேர்மையால வந்த வெனைங்க!"

பாவாயியின் கடப்பாரை

நாங்கள் விதிகளைப் பேசிக்கொண்டிருந்தபோது பாவாயி கடப்பாரையோடு வந்தார். ஒருவரையும் கேட்கவில்லை. இடுப்பு உயரத்தில் ஓங்கி ஒரு குத்து. மண் ஈரம் காயாத சுவர், கற்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஜன்னல்போல ஒரு ஓட்டை. அதற்குள் பாவு நுழைந்து, பூச்செடிகளின் மேலாக நீண்டு, முளையில் போய் நின்றது. அரக்குப் பட்டு வெயிலில் மின்னியது. தெருவே ஆரவாரம் செய்தது. உத்தியோகத்தை மறந்து நானும் கை தட்டினேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் சம்பள நாளில்கூட இருந்ததில்லை. பாவு இல்லாத நேரத்தில் ஆடு தலை நீட்டாமலிருக்க ஓட்டைக்குப் பலகைக் கதவும் போட்டாகிவிட்டது. கூறைப்புடவையும் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரமே பக்கத்துத் தெருக் கோடி வீட்டுக்காரர் ஒருவர் பிளானோடு ஆபீசுக்கு வந்தார். விரித்துப் பார்த்தேன். நட்ட நடுவே பெரிதாக ஒரு கட்டம், அதைச் சுற்றி மெல்லிய கோடு. இதில் சுவர் எங்கே என்று கேட்டேன்.

"மொதல்ல ஓட்டையப் பாஸ் பண்ணிப்போடுங்க, சொவரு பின்னால மெதுவா வரட்டுமுங்க."

சுவர்களைக் காவல் காக்கத்தான் சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுத்தது. நான் மனதாரக் கையெழுத்துப் போட்டதென்னவோ ஓட்டைகளுக்குத்தான்.