மூக்கரின் காலிப் புட்டி

"நான் புட்டியில அடைக்க முடியாத வாசனைன்னு ஒண்ணு இந்த உலகத்துலயே கிடையாது!" என்று மூக்கர் பிரகடனம் செய்தது தன் இருபதாவது கல்யாண நாளன்று, வாய் நிறையச் சாப்பாட்டோடு.

"அப்போ என்னை அடைங்க பாப்போம்," என்றாள் மனைவி.

"உன்னையா? ஒரு மத்தியானம் போதும்டி. ஆனா எவன் வாங்குவான்?"

கையிலிருந்த கரண்டி அவர் தலையில் இறங்கியது. மகள் சிரித்துப் புரையேறினாள்.

பெருமைக்குக் காரணம் இருந்தது. அறையில் பீய்ச்சுகிற வாசனைத் திரவம் தயாரிக்கும் கம்பெனியில் அவர்தான் தலைமை மூக்கு. ஜன்னல் வழியே சும்மா வருகிற காற்றை, ஜன்னலைத் திறக்க நேரமில்லாத பெருமக்களுக்கு டப்பாவில் அடைத்து வழங்கும் அரும்பணி. மழை நனைத்த மண், வெயிலில் காய்ந்த துணி, குழந்தையின் உச்சந்தலை எல்லாம் அவர் கைவண்ணமே. வெளியே மழை கொட்டுகையில் அவர் உள்ளே உட்கார்ந்து மழை கலப்பார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளைக் கொஞ்சியதைவிட மோந்து பார்த்ததுதான் அதிகம் என்று மனைவி பலமுறை குற்றம்சாட்டியிருக்கிறாள்.

மோந்து மோந்து மூக்கு களைத்துவிட்டால், முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து ஒரு மூச்சு இழுப்பார். சொந்தத் தோலின் வாசனை அவரவருக்குப் பூஜ்யம். அங்கிருந்து மறுபடி தொடங்கலாம். இது அந்தத் தொழிலின் பால பாடம். அந்தக் கையில்தான் தினமும் ஒருத்தி தலைவைத்துத் தூங்கினாள் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

பிறகு அவள் செத்துப்போனாள். காய்ச்சல் என்று படுத்தவள்தான்.

மூக்கர் அழவில்லை. அவளுடைய தலையணை உறையைப் பத்திரப்படுத்தினார். காலையில் ஒரே ஒரு மூச்சு. தீர்ந்துவிடக்கூடாதே என்று உடனே மடித்து அலமாரிக்குள் வைத்துவிடுவார். கஞ்சனுக்குக்கூட அவ்வளவு சிக்கனம் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அலமாரியை ஒழித்தாள்.

"அப்பா, அம்மாவோட உறை ஒரே அழுக்கா இருந்துச்சுப்பா. துவைச்சு, இஸ்திரி போட்டு, உங்க கம்பெனி 'இனிய இல்லம்' ஸ்ப்ரே அடிச்சு வச்சிருக்கேன். மோந்து பாருங்களேன்!"

மோந்து பார்த்தார். சந்தையில் முதலிடம் பிடித்த சரக்கு. அப்பழுக்கில்லாத வேலை.

"நல்லாருக்கும்மா," என்றார்.

மறுநாள் ஆய்வறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அவளுடைய தலையெண்ணெய், துணி சோப்பு, வியர்வை, கையில் ஒட்டிய வெங்காயம். சொட்டுச் சொட்டாகக் கலந்து காகிதக் கீற்றில் தொட்டு முகர்ந்தார். யாரோ ஒரு பெண்மணி வந்தாள், இவள் வரவில்லை. களைத்துப்போய் முழங்கை மடிப்பில் முகம் புதைத்தார்.

யாரோ ஒரு கிழவனின் வாடை அடித்தது.

இத்தனை வருஷமாகப் பூஜ்யம் என்று அவர் நம்பியது, அந்தக் கையில் ஒட்டியிருந்த அவளைத்தான். மனைவிக்கு இதைச் சொன்னால் இன்னொரு கரண்டியடி நிச்சயம். சொல்லத்தான் ஆளில்லை.

அவளுக்கென எடுத்து, ஒழுங்காக மூடி போட்ட காலிப் புட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். மகள் வாசலிலேயே நின்றிருந்தாள், கண்கள் வீங்கியிருந்தன.

"இப்பத்தான்ப்பா புரிஞ்சுது. நான் அதைத் துவைச்சிருக்கவே கூடாதுல்ல? லூசுப்பா நான்."

"சீ, கழுதை. எனக்குப் பொறந்தது வேற எப்படி இருக்கும்?"

அவள் அவர் கையில் முகத்தைப் புதைத்துத் தேம்பினாள். உச்சந்தலை அவர் மூக்குக்கு நேரே இருந்தது. வியர்வை, அடுப்புப் புகை, கொஞ்சம் ஷாம்பு. அம்மாவின் வாசனை இல்லை, துளிகூட இல்லை. இது இவளுடையது. இதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யோசிப்பதை மூக்கர் பாதியிலேயே விட்டுவிட்டார்.

"அப்பா, அழறீங்களா?"

"பேசாம இரு."

அவள் முகம் கழுவப் போனதும், அவர் அந்தப் புட்டியைக் குழாயடியில் அலசி, தொட்டி விளிம்பில் கவிழ்த்துவைத்தார். பிறகு ஜன்னலைத் திறந்தார்.