வாசிக்காத சங்கீதம்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். எழுதாமல் செத்தால் ஆண்டவர் முன் நிற்க முடியாது.

எழுபதுகளில் தூத்துக்குடியை விட்டு வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வேலைக்குப் போனேன். அங்கேயும் முத்துக் குளித்த கடல்தான், ஆனால் குளம் போல அலையில்லாமல் கிடக்கும். எங்கள் கத்தோலிக்கக் கோயில் கிடையாது. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை அறையில் உட்கார்ந்து செபமாலை சொல்லுவேன்.

அறையில் கூட இருந்தவர் சாத்தான்குளத்துக்காரர், புராட்டஸ்டண்ட் சபை. மஞ்சள் காமாலை முற்றிப் படுத்துவிட்டார். புழுதிக்காற்று அடித்த ஒரு வெள்ளிக்கிழமை, தலைமாட்டில் இருந்த பைபிளைக் காட்டி என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, கண்ணு தெரியல. என் வேதத்துல ஒரு சங்கீதம், தாவீது ராசா பாட்டு ஒண்ணு, வாசிங்க."

"ஒம்ம வேதத்தத் தொட்டுட்டு நான் எங்கவே போயி அந்தப் பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ண? இங்கன சாமியாரா இருக்காரு?"

அவர் சிரித்தார். "அப்போ ஒங்க செபமாலையவாவது சத்தமாச் சொல்லுங்க. கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்."

"மாதாவக் கும்பிடாத ஆளுக்கு என்னத்துக்குவே செபமாலை?" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனேன். திரும்பி வந்தபோது உயிர் இல்லை. தலைமாட்டில் வேதம் மூடியபடியே இருந்தது, அதன் மேல் புழுதி.

ஊருக்கு வந்ததும் அவர் மனைவி என்னைத் தேடி வந்தாள்.

"கடைசில யாரும் ஜெபம் பண்ணுனாவளா அண்ணாச்சி?"

"நான் சங்கீதம் வாசிச்சேன் தாயி."

அதைத் தன் சபையில் சாட்சியாகச் சொல்லிவருகிறாள் என்று கேள்விப்பட்டேன். வாசிக்கிறவர்கள் அவளை அறிந்திருந்தால் இதைச் சொல்லுங்கள். எனக்காக இரங்கி ஒரு வார்த்தையையும் மாற்றிவிடாதீர்கள்.