அரைமண்டிக்கு வைத்த பாரம்

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. என் மகளுக்கு அரைமண்டி வரவில்லை. குதிகால்களைச் சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து, பாதி உட்கார்ந்த வாக்கில் நிற்பதுதான் பரதத்தில் அரைமண்டி. மற்ற பிள்ளைகளுக்கு அழகாக விரிந்தது. இவள் முழங்கால் மட்டும் முன்னுக்கே வந்து நின்றது. சிவராத்திரிக்குக் கோயிலில் ஆடப்போகும் கூட்டத்தில் அவளைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். ஆடப்போவது அவள், மானம் போனது எனக்கு.

"காலு இடுப்புலேர்ந்து வெளிப்பக்கமா திரும்பணுங்க. சில பிள்ளைங்களுக்கு எலும்பு வாகே அப்படி. அவசரப்படுத்தாதீங்க" என்றார் டீச்சர். கேட்கிற காதா என்னுடையது?

பீங்கான் பொம்மை வார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. அங்கே கழித்துப்போட்ட பிளாஸ்டர் அச்சுகள் இரண்டு, கதவுக்கு முட்டுக் கொடுக்க என்று எடுத்து வந்தவை, வீட்டில் கிடந்தன. தூக்கினால் கை இறங்கும் கனம். மகளைச் சுவரோரம் உட்காரவைத்து, உள்ளங்கால்களைச் சேர்க்கச் சொல்லி, தொடைக்கு ஒன்றாக அவற்றை ஏற்றினேன். முழங்கால் தரையைத் தொடும்வரை எழுந்திருக்கக் கூடாது. ஸ்கூல் விட்டு வந்ததும் தினமும் இதுதான்.

"வலிக்குதும்மா" என்பாள்.

"வலிக்காம எதுடி வரும்? நான் நாள் முழுக்க நின்னுக்கிட்டு வேலை செய்யல?" என்பேன். நடனத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரியாதவளுக்குத்தான் வாய் அதிகம்.

மூன்றாவது வாரம் அவளுடைய வலது முழங்கால் வீங்கிவிட்டது. காலை ஊன்ற முடியாமல் அழுதாள். எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் அவளைப் படுக்கவைத்து, காலை மெல்லத் திருப்பிப் பார்த்தார்.

"இவ இடுப்பு மூட்டு இவ்ளோதான் திரும்பும். திரும்பாததப் போட்டு அமுக்குனா முட்டிதான் வாங்கிக்கும். ரெண்டு மாசம் ஆடக் கூடாது. என்னம்மா பண்ணுன?"

மகள் என் பக்கமே திரும்பவில்லை. "நானேதான் டாக்டர், தொடை மேல வெயிட்டு வச்சுக்கிட்டேன்."

"யாரைக் கேட்டு வச்ச? அறிவு வேணாம்?" என்று அதட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்.

"சொன்னா எங்க சார் கேக்குறா?" என்றேன்.

"நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்றார் டாக்டர். அந்தப் பரிதாபத்தையும் கூசாமல் வாங்கிக்கொண்டேன். வெளியே வந்தபோது அவளால் படி இறங்க முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கடைசிப் படியில் நின்று, "அப்பாகிட்டயும் நானே வச்சுக்கிட்டேன்னு சொல்லிடுறம்மா" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன்.