உருக்காத காசு

சிட்னி அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குள் ஒரு ரோமானியத் தங்கக் காசு. அதில் மீசை முளைக்காத பையனின் முகம். பார்த்ததும் கரூர் வீட்டுச் சாமியறையின் சந்தன வாசம் வந்துவிட்டது.

ஆற்று மணலில் கிடைத்த இதே மாதிரிக் காசை, முருகன் என்று நம்பி, செவ்வாய்தோறும் அம்மா சந்தனம் வைத்துக் கும்பிடுவாள். எனக்குக் காது குத்தியபோது, தோட்டுக்கு அதை உருக்கலாம் என்றார் அப்பா.

"சின்னப் பையன் மூஞ்சிங்க. நெருப்புல எப்படிப் போடறது?" என்றாள் அம்மா.

எனக்குக் கவரிங் தோடுதான். காது புண்ணாகி, அம்மாவோடு பேசாமல் திரிந்தேன்.

"இந்தக் கிங்கைச் சின்ன வயசுலயே கொன்னுட்டு, காசையெல்லாம் உருக்கிட்டாங்களாம்மா. அதான் இது ரேர் காயினாம்," குறிப்பைப் படித்துச் சொன்னாள் மகள்.

என் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் அம்மாவின் காசை விரல்களுக்குள் மூடிக்கொண்டேன். பையனின் காதோரம் இன்னும் கொஞ்சம் சந்தனம் இருக்கிறது.