கைப்பிடிக்கு வைத்த சைக்கிள் டியூப்

என் மகன் முருகன் ஜீப்பில் புது அலுமினியக் கேரியர் மாட்டுவதற்காகப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டினான். அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

என்னைப் பெற்ற அய்யா அப்போது போடியிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி ஜீப் ஓட்டினார். காய் எடுக்கப் போகும் ஆத்தா, என் அம்மா, அதே ஜீப்பின் பின்னால் நின்றுகொண்டே போவாள். ஒரு மழைநாளில், மலை வளைவில், அவள் பிடித்திருந்த அலுமினியக் கைப்பிடியின் ஒரு முனை பிய்ந்து வந்தது. கூட வந்தவர்கள் சேலையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தாள்.

"இனி ஒங்க ஜீப்புல ஏற மாட்டேன். நடந்தே போறேன்."

"நீ போயிச் சேர்றதுக்குள்ள காயெல்லாம் பழுத்து உதிர்ந்துரும்டி!" என்றார் அய்யா.

நான் கைப்பிடியைத் தடவிப் பார்த்தேன். பிய்ந்த முனையில், இரும்பு பட்ட இடமெல்லாம் அலுமினியம் வெள்ளைப் பொடியாய் உதிர்ந்தது. மறுமுனை பளபளவென்று இருந்தது. கைப்பிடி கடகடக்கும் சத்தம் காதைக் குடைகிறதென்று ஆத்தா முன்பே சண்டை போட்டு, அங்கே மட்டும் டியூப் துண்டு வைத்து முறுக்கச் சொல்லியிருந்தாள்.

"அய்யா! ரப்பர் வச்ச பக்கம் அரிக்கவே இல்ல!" என்று குதித்தேன்.

அன்றே புதுக் கைப்பிடி மாட்டினார். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் ரப்பர், போல்ட்டைச் சுற்றியும் ரப்பர். அத்தனையும் நான் வெட்டியது! ஆத்தா இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்துவிட்டு, "வெரசா வண்டிய எடுங்க" என்றாள்.

முருகன் வேலையை முடித்ததும் நானும் கேரியரைப் பிடித்துத் தொங்கினேன்.

"யம்மா, எறங்கு! இந்த வயசுல என்ன சோலி இது?" என்று அலறினான்.

கேரியர் அசையவே இல்லை.